வெள்ளிக் கடற்காகம்: கூடும் இரையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கரையில், கடல் தெரியும் ஒரு சின்ன ஊரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். எதிர் வீட்டுப் புகைபோக்கியில் வருடம் தவறாமல் ஒரு ஜோடிக் கடற்காகம் கூடு வைக்கிறது. எங்கள் மாடி அறை அதைவிடச் சற்று உயரம் என்பதால் கூட்டில் கிடக்கும் முட்டை வரை தெரியும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும், இங்கே புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பறவையைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் கோபத்தோடு. யாரோ ஒருவரின் கையிலிருந்த சிப்ஸ் பறிபோயிருக்கும், அல்லது விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கம் கெட்டிருக்கும். அந்தக் கேள்விகளுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது எந்தப் பறவை? எப்படி அடையாளம் காண்பது?

ஆங்கிலத்தில் ஹெர்ரிங் கல் (herring gull) என்பார்கள். அறிவியல் பெயர் லாரஸ் அர்ஜென்டேட்டஸ். அர்ஜென்டேட்டஸ் என்றால் வெள்ளி பூசியது என்று பொருள். ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும்கூட ‘வெள்ளிக் கடற்காகம்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகைப் பார்த்தால் பொருத்தமான பெயர் என்று தெரியும். அதனால் நானும் அப்படியே சொல்கிறேன்.

வளர்ந்த பறவைக்கு உடல் வெள்ளை, முதுகும் இறக்கையும் வெளிர் சாம்பல், இறக்கை நுனி கறுப்பு, கால் இளஞ்சிவப்பு. கண் மஞ்சள். அலகும் மஞ்சள், கீழ் அலகின் நுனிக்கருகே ஒரு சிவப்புப் பொட்டு. இந்தப் பொட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. இறக்கை விரித்தால் ஏறக்குறைய 140 செ.மீ. இருக்கும். எடை ஒரு கிலோவை ஒட்டி. ஆண் சற்றுப் பெரியது, தலையும் அலகும் தடித்திருக்கும். ஜோடியாக நிற்கும்போதுதான் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பழுப்புப் புள்ளிகளோடு அழுக்காகத் தெரிபவை வேறு இனம் இல்லை, இதே இனத்தின் இளசுகள். வெள்ளியும் வெள்ளையுமான முழு உடை வர நான்கு வருடம் ஆகும்.

நம்ம ஊர்க் கடற்கரையில் பார்ப்பதும் இதுதானா?

இல்லை. இது வடக்கு, மேற்கு ஐரோப்பாவின் பறவை. தனுஷ்கோடியிலும் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் குளிர்காலத்தில் கூட்டமாகத் தெரிபவற்றில் பழுப்புத் தலைக் கடற்காகம்தான் அதிகம். அது லடாக், திபெத் போன்ற மேட்டுநிலத்து ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கடலுக்கு வருகிறது. தமிழ்நாட்டுக் கரையில் கடற்காகக் கூட்டை யாரும் பார்த்து வளராததற்குக் காரணம் அதுதான். நமக்கு அவை பனிக்கால விருந்தாளிகள். இங்கிலாந்தில் வெள்ளிக் கடற்காகமோ கூடு, குஞ்சு, சண்டை, இரைச்சல் எல்லாவற்றோடும் வருடம் முழுக்கக் கூடவே குடியிருக்கிறது.

எப்போது ஜோடி சேரும்? வருடா வருடம் அதே ஜோடியா?

பெரும்பாலும் அதே ஜோடி, அதே இடம். ஒன்று இறந்துபோனாலோ, குஞ்சு பொரிப்பது தோற்றுப்போனாலோ ஜோடி மாறலாம். பிப்ரவரி, மார்ச்சிலேயே இடம் பிடிக்க வந்துவிடும். கழுத்தைத் தாழ்த்தி, பிறகு தலையை வானத்தை நோக்கி நிமிர்த்தி நீளமாகக் கத்துவது ‘இது என் இடம்’ என்ற அறிவிப்பு. எல்லைத் தகராறு முற்றும்போது எதிராளியின் கண் முன்னால் புல்லைக் கொத்தாகப் பிடுங்கி எறியும். கூரையில் புல் இல்லாததால் பாசியைப் பிடுங்குகிறது.

நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது ஏப்ரல் மாதத்து ஊட்டல். பெண் பறவை தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளிழுத்து, தலையை மேலே மேலே சொடுக்கி, மெல்லிய குரலில் கெஞ்சியபடி ஆணைச் சுற்றிவரும். குஞ்சு இரை கேட்பதும் கிட்டத்தட்ட இதே கோலத்தில்தான். ஆணின் தொண்டை புடைக்கும். கடைசியில் தலையைக் குனிந்து அரைகுறையாகச் செரித்த மீனைக் கக்கும், பெண் அதைத் தின்னும். முட்டை உருவாக்கும் நாட்களில் பெண்ணுக்குத் தீனி கூடுதலாக வேண்டும், அதில் ஒரு பங்கு இப்படி வந்து சேர்கிறது. இந்தப் பறவையின் கூட்டையும் இரையையும் பிரித்துப் பேச முடியாது என்று எனக்குப் புரிந்தது இந்த ஊட்டலைப் பார்த்துத்தான்.

எத்தனை முட்டை? எத்தனை நாள் அடை?

பொதுவாக மூன்று. ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதம் வரை, ஏறக்குறைய இரண்டு நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக இடும். கோழிமுட்டையைவிட ஒன்றரை மடங்கு எடை. பாசிப்பச்சையும் பழுப்பும் கலந்த ஓட்டில் கரும்புள்ளிகள். பாறை நடுவே கிடந்தால் சட்டென்று தெரியாது.

ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். வயிற்றில் மூன்று இடத்தில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். மூன்று முட்டைக்கும் ஆளுக்கொன்று. அந்தச் சூட்டில் 28 முதல் 30 நாளில் குஞ்சு வரும். முட்டைகள் ஆரம்பத்திலேயே அழிந்துபோனால் இன்னொரு ஈடு இடும்.

மூன்றாவது முட்டை மற்ற இரண்டைவிடச் சிறியது. அதன் குஞ்சும் பிந்திப் பிறக்கிறது. இரை தாராளமாகக் கிடைக்கும் வருடம் மூன்றும் தேறும். கிடைக்காத வருடம் முதலில் போவது இந்தக் கடைக்குட்டிதான். ஒரு ஜூன் மாதம் அப்படி ஒன்றைப் பார்த்தேன். பெற்றோர் இரையோடு இறங்கும்போதெல்லாம் அண்ணன்மார் இரண்டும் முந்திக்கொள்ளும், சின்னது எட்டி எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். நாலாம் நாள் காலையில் அது எழவில்லை. அன்றைக்கெல்லாம் தாய் அதன் மேலும் சேர்த்தே படுத்திருந்தது.

பாறையை விட்டுவிட்டு வீட்டுக் கூரைக்கு ஏன் வருகின்றன?

கூரையும் அவற்றுக்கு ஒரு பாறைதான். உயரம் இருக்கிறது, நரி ஏற முடியாது, புகைபோக்கியின் ஓரம் காற்றுக்கு மறைவு. பிரிட்டனில் கூரையில் கூடு வைப்பது 1940களுக்குப் பிறகுதான் வேகமாகப் பரவியது.

இதன் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1956-இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதற்குமுன் குப்பைமேட்டில் குப்பையை எரித்துவந்தார்கள். எரிப்பது நின்றதும் மிஞ்சிய சாப்பாடெல்லாம் திறந்தவெளியில் மலையாகக் குவிந்தது. மீன்பிடிப் படகுகள் வேண்டாத மீனைக் கடலில் வீசுவதும் அப்போது அதிகம். கடற்காகங்களுக்கு இரண்டு பக்கமும் பந்தி. பெருகின, ஊருக்குள்ளும் வந்தன.

கூரையில் இன்னொரு வசதியும் உண்டு. பாறைக் குடியிருப்பில் கூடுகள் நெருக்கமாக இருக்கும், எல்லை தாண்டிய குஞ்சைப் பக்கத்துக் கூட்டுப் பறவை கொத்திக் கொல்லும், சில ஜோடிகள் தின்றும்விடும். கூரையில் அடுத்த கூடு தள்ளி இருப்பதால் அந்த ஆபத்து குறைவு.

அலகில் இருக்கும் சிவப்புப் பொட்டு எதற்கு?

குஞ்சுக்கு அது ஒரு மணி பொத்தான் மாதிரி. பெற்றோரின் அலகில் அந்தப் பொட்டைக் கொத்தினால் பெற்றோர் இரையைக் கக்கும். பிறந்து சில மணி நேரமே ஆன குஞ்சுக்குக்கூட, யாரும் சொல்லித்தராமல், இது தெரியும்.

இதை ஆராய்ந்து காட்டியவர் நெதர்லாந்தில் பிறந்த நிக்கோ டின்பெர்கன். அட்டையில் கடற்காகத் தலைகளை வெட்டி, பொட்டின் நிறத்தை மாற்றி மாற்றிக் குஞ்சுகளிடம் நீட்டிப் பார்த்தார். பொட்டே இல்லாத அலகைக் குஞ்சுகள் குறைவாகத்தான் கொத்தின. சிவப்புப் பொட்டுக்கு நல்ல வரவேற்பு. அப்புறம் தலையே இல்லாமல், மூன்று வெள்ளை வளையம் போட்ட மெல்லிய சிவப்புக் குச்சி ஒன்றை நீட்டினார். உண்மையான தலையைப் போல் செய்த உருவத்தைவிட அந்தக் குச்சியைத்தான் குஞ்சுகள் அதிகமாகக் கொத்தின. நீளம், மெலிவு, சிவப்பு, அசைவு என்று குஞ்சு எதையெல்லாம் தேடுகிறதோ அதெல்லாம் மிகையாக அந்தக் குச்சியில் இருந்தது. விலங்குகளின் நடத்தையைப் பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்காக டின்பெர்கன், கொன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் மூவருக்கும் 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

டின்பெர்கன் கவனித்த இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். தன் முட்டை எது, அடுத்த கூட்டின் முட்டை எது என்று இந்தப் பறவைக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் குஞ்சு பிறந்து ஐந்து நாள் போனால் தன் பிள்ளை எது என்று அடையாளம் கண்டுகொள்ளும், அதன்பின் வேற்றுக் குஞ்சை அண்டவிடாது. காரணம் எளிது. முட்டை நகராது. குஞ்சுதான் ஓடத் தொடங்கி அடுத்தவர் கூட்டுக் குஞ்சுகளோடு கலந்துவிடும்.

உண்மையில் என்னதான் தின்கிறது?

கிடைப்பதையெல்லாம் தின்னும். கடல் உள்வாங்கும் நேரத்தில் நண்டு, சிப்பி, நட்சத்திர மீன், பாறையிடுக்குப் புழு. கடலின் மேற்பரப்பில் கிடைக்கும் மீன். செத்த மீன், செத்த சீல் (கடல்நாய்). உழுத வயலில் மண்புழு. மற்றப் பறவைகளின் முட்டை, குஞ்சு. பிறகு நம் குப்பை. செரிக்காத எலும்பையும் ஓட்டையும் உருண்டையாகக் கக்கிவிடும். எங்கள் தோட்டத்தில் கிடந்த ஓர் உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். நண்டோட்டுத் துண்டுகள், இரண்டு மீன்முள், பச்சை நிற பிளாஸ்டிக் நூல், கோழி எலும்புச் சில்லு. அந்த ஒற்றை உருண்டையில் கடற்கரையும் இருந்தது, கடைத்தெருவும் இருந்தது.

ஆனால் ‘எதையும் தின்னும்’ என்பது இனத்துக்குப் பொருந்தும், ஒவ்வொரு பறவைக்கும் அப்படியே பொருந்தாது. ஒன்று நண்டுக்குப் பழகியிருக்கும், இன்னொன்று குப்பைக்கு. அட்லாண்டிக்கின் அக்கரையில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய கிரேட் தீவில், இதன் நெருங்கிய உறவான அமெரிக்கக் கடற்காகத்தை வைத்து நடந்த ஆய்வு இதில் முக்கியமானது. அங்கே சிப்பியை முதன்மையாகத் தின்ற ஜோடிகள் குப்பை தின்ற ஜோடிகளைவிட முன்னதாக முட்டையிட்டன, அந்த முட்டைகளும் பெரியவை. இன்னும் நுட்பமான செய்தி என்னவென்றால், குஞ்சு பொரித்த பிறகு பெரும்பாலான ஜோடிகள், குப்பைக்குப் பழகியவை உட்பட, கேப்லின் என்ற சின்ன மீனுக்கு மாறின. தனக்கு எது வேண்டுமானாலும் போதும், பிள்ளைக்கு மீன் வேண்டும்.

புல்தரையில் நின்று காலால் குதிக்கிறதே, என்ன செய்கிறது?

மண்புழு பிடிக்கிறது. இரண்டு காலையும் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டினால் மண் அதிர்ந்து புழு மேலே வரும். மழை விட்ட காலைகளில் எங்கள் ஊர்ப் பூங்காவில் ஏழெட்டுப் பறவைகள் ஒரே நேரத்தில் இப்படி நின்று தட்டும். நாலைந்து நொடி தட்டும், தலையைச் சாய்த்துத் தரையைப் பார்க்கும், மறுபடி தட்டும். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

உப்புத் தண்ணீரைக் குடிக்குமா?

குடிக்கும். கண்ணுக்கு மேலே இருக்கும் ஒரு ஜோடிச் சுரப்பிகள் இரத்தத்திலுள்ள அதிகப்படி உப்பைப் பிரித்து, கடல்நீரைவிடக் கரிப்பான நீராக மூக்குத் துவாரம் வழியே வெளியேற்றுகின்றன. அலகு நுனியில் ஒரு சொட்டு தொங்கும், தலையை உதறி எறியும். சளி பிடித்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கையிலிருக்கும் சாப்பாட்டைப் பறிக்கிறதே, என்ன செய்வது?

அதன் கண்ணைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ன்வால் கடற்கரை ஊர்களில் ஒரு பையில் சிப்ஸை வைத்து இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். மனிதர் முகம் திருப்பி இருந்தபோது வந்ததைவிட, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோது பறவை பையை நெருங்கச் சராசரியாக 21 நொடி அதிகம் எடுத்துக்கொண்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். சோதிக்கப்பட்ட பறவைகளில் பெரும்பாலானவை பக்கத்திலேயே வரவில்லை. அதாவது பறிப்பது ஒரு சில துணிச்சல்காரப் பறவைகள்தான். கெட்ட பெயர் மொத்த இனத்துக்கும்.

அதே குழு அடுத்துச் செய்த ஆய்வில், மனிதர் கையில் எடுத்து வைத்த உணவுப் பொட்டலத்தையே பறவைகள் அதிகமாக நாடின என்று தெரிந்தது. எது சாப்பாடு என்பதை அவை நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. கடற்கரையில் ஒரு துண்டு ரொட்டி வீசும் ஒவ்வொருவரும் அந்தப் பாடத்தை நடத்துகிறார்கள். தயவுசெய்து வீசாதீர்கள். சாப்பிடும்போது சுவரை ஒட்டி, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருங்கள். அவை பின்பக்கமாக வருவதைத்தான் விரும்பும்.

பறிப்பதற்கும் குஞ்சுகளுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பறிப்பு பற்றிய புலம்பல் அதிகமாகக் கேட்கும் கோடையில்தான் கடற்கரையில் கூட்டமும் அதிகம், கூட்டில் வாய்களும் அதிகம்.

வேறு எப்படியெல்லாம் நம் பழக்கத்தைப் படித்து வைத்திருக்கின்றன?

இதன் உறவான கருமுதுகுச் சிறு கடற்காகங்களில் சிலவற்றுக்கு பிரிஸ்டல் நகரில் ஜி.பி.எஸ். கருவி மாட்டிப் பார்த்தார்கள். பள்ளி இடைவேளைக்குச் சரியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தன, குப்பை நிலையத்துக்கு லாரி வந்து கொட்டும் நேரத்தில் அங்கே போயின. பூங்காவுக்கோ விடியலில், மண்புழு மேலே இருக்கும் வேளையில். ஊரின் நேர அட்டவணை அவற்றுக்கு மனப்பாடம்.

ஜூன் மாதத்தில் தலைக்கு மேல் பாய்கிறது. கடிக்குமா?

பக்கத்தில் எங்கோ குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கூச்சல், பிறகு தாழப் பறத்தல், சில நேரம் எச்சம், கடைசியாகத்தான் காலால் ஓர் அடி. குடையை விரித்துப் பிடியுங்கள், அல்லது கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு அமைதியாகக் கடந்துபோங்கள். குஞ்சு பறக்கத் தொடங்கியதும் சில வாரங்களில் இது ஓய்ந்துவிடும்.

தோட்டத்தில் குஞ்சு விழுந்து கிடக்கிறது. தூக்கி வளர்க்கலாமா?

வேண்டாம். கூரையில் நடமாடும் குஞ்சு தவறி விழுவது வழக்கம். பெற்றோருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், தரையிலேயே இரை கொடுக்கும். காயம் இல்லையென்றால் நாயையும் பூனையையும் உள்ளே வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சாலையில் கிடந்தால் துணியால் போர்த்தி எடுத்து, பக்கத்தில் தாழ்வான கொட்டகைக் கூரை இருந்தால் அதன்மேல் வைத்துவிடலாம். அப்படிச் செய்யும்போது தலைக்கு மேல் பாய்ச்சல் நிச்சயம். எங்கள் தோட்டத்தில் விழுந்த குஞ்சு பன்னிரண்டு நாள் எங்கள் ரோஜாச் செடிக்கடியில் வளர்ந்தது. நாங்கள் துணி காயப்போடக் குடையோடு போனோம்.

கூட்டைக் கலைக்கலாமா?

முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. 1981-ஆம் வருட வனஉயிர் மற்றும் கிராமப்புறச் சட்டப்படி குற்றம். புகைபோக்கியில் கூடு வேண்டாம் என்றால், குளிர்காலத்தில் கம்பி வலை போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு கூட்டம் இருக்கிறதே, எதற்குப் பாதுகாப்பு?

இதுதான் என்னை மிகவும் வருத்தும் கேள்வி. ஊருக்குள் கூட்டமாகத் தெரிவதால் நிறைய இருக்கிறது என்று தோன்றுகிறது. உண்மையில் இந்த இனம் 2009 முதல், மிகவும் கவலைக்குரிய நிலையில் இருக்கும் பறவைகளுக்கான பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. 1970ஐ ஒட்டி இருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பாதிக்கு மேல் போய்விட்டது. பாறைகளிலும் தீவுகளிலும் இருந்த பழைய குடியிருப்புகள் வெறிச்சோடுகின்றன. படகுகள் வீசும் மீன் குறைந்துவிட்டது, திறந்த குப்பைமேடுகளும் குறைந்துவிட்டன. கெட்டுப்போன உணவிலிருந்து வரும் பாட்டுலிசம் நோயும், அண்மை வருடங்களில் பறவைக்காய்ச்சலும் கொன்றவை ஏராளம். மெதுவாக வளர்ந்து, நான்கு வயதில்தான் குஞ்சு பொரிக்கத் தொடங்கி, சில 30 வயதையும் தாண்டும் பறவை இது. வளர்ந்த பறவைகள் செத்தால் அந்த இடத்தை நிரப்பப் பல வருடம் ஆகும். தொல்லை என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அது குறைந்துகொண்டிருக்கிறது.

குஞ்சுகள் எப்போது போகும்? அதன்பின் என்ன ஆகும்?

பொரித்து ஐந்து, ஆறு வாரத்தில் பறக்கும். ஜூலை நடுவிலிருந்து கூரைகளில் பழுப்புப் பறவைகள் இறக்கையை அடித்து அடித்து ஓரடி எழும்பி இறங்குவதைப் பார்க்கலாம். பறந்த பின்னும் சில வாரம் பெற்றோரிடம் கெஞ்சித் தின்னும். பெற்றோரின் அளவுக்கு வளர்ந்த பிள்ளை தோளைக் குறுக்கி, ‘பீ... பீ...’ என்று அழுதபடி பின்னாலேயே போகும். பெற்றோர் மெல்ல மெல்லக் கொடுப்பதைக் குறைக்கும்.

அப்புறம் அது தானே கற்றாக வேண்டும். சிப்பியை உடைக்க, வளர்ந்த பறவை அதைத் தூக்கிக்கொண்டு உயரே போய்ப் பாறை மேலோ கார் நிறுத்துமிடத்தின் தார் மேலோ போடும். போட்ட கையோடு கீழே பாயும், இல்லாவிட்டால் இன்னொன்று கொண்டுபோய்விடும். போன செப்டம்பரில் கடல் உள்வாங்கிய ஒரு காலையில் அந்த வருடத்து இளசு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பியைக் கவ்வி எழும்பி, ஈர மணலில் போட்டது. இறங்கிப் பார்த்தது. உடையவில்லை. மறுபடி எழும்பி அதே மணலில் போட்டது. பதினொரு தடவை எண்ணினேன். பன்னிரண்டாவது தடவை காற்று அதைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளியது. சிப்பி கல் திட்டின் மேல் விழுந்து ‘டக்’ என்று கேட்டது.